வினோத் கிட்டாரில் இருந்த மூன்று ஐஸ் குச்சிகள்

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தவன் எல்லாம் மெக்கானிக் ஆகிவிட முடியாது. இது எனக்கு இப்போது தெரியும். இருபத்து மூன்று வயதில் தெரியாது. அந்த வயதில் எனக்குத் தெரியாதவை நிறைய. ஆனால் தெரியாது என்பதும் தெரியாமல் இருந்ததால் நிம்மதியாக இருந்தேன்.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை காலை, சேலையூரில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ஆறு ஸ்குருக்களைக் கழற்றி, என் மாமா மகன் வினோத்தின் வாழ்க்கையை வேறு பக்கம் திருப்பிவிட்டவன் நான். அவனைக் கேட்காமல். அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. (இதில் பாதி பொய். அதைப் பிறகு சொல்கிறேன்.)

வினோத் அம்மாவின் அண்ணன் மகன். என்னைவிட ஒன்றரை வயது பெரியவன். மாமா ரயில்வேயில் இருந்தார், வீடு வண்டலூரில். வினோத் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெயினியாக இருந்தான். கம்பெனி பஸ்ஸில் போய், கம்பெனி பஸ்ஸில் வந்து, மிச்சம் இருந்த நேரமெல்லாம் கிட்டார் வாசித்தான். குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துக் கல்யாண ரிசப்ஷன்களில் கச்சேரி செய்யும் ஒரு மெல்லிசைக் குழுவில் அவன்தான் லீட் கிட்டார்.

அவனிடம் இருந்தது வெளிர் மஞ்சள் நிறத்தில் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார். மூன்றாவது கை மாறி வந்ததா நான்காவதா என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. தயாரித்த கம்பெனியின் பெயர் என்றோ அழிந்துபோயிருந்தது. அதன் சத்தத்தை வெளியே கொண்டுவரும் ஆம்ப் பெட்டிக்கு ஒரு மூலை உடைந்து, அங்கே சோப்பு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டியிருந்தான். கம்பிகளில் துரு. ஆனால் அந்தத் துருப்பிடித்த கம்பியில் ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்தி, விரலால் கொஞ்சம் வளைத்து நிறுத்துவான் பாருங்கள், யாரோ நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருக்கும். பந்திக்குப் போக எழுந்தவர்கள் ஒரு நிமிஷம் நின்று மேடையைத் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் பந்தியை நிறுத்துவது லேசான காரியம் இல்லை.

இனி நான். எனக்கு ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. முதல் ஆறு மாதச் சம்பளத்தில் எனக்கென்று எஞ்சியதெல்லாம் கிட்டாருக்கே போனது. பளபளவென்று கருநீலத்தில் வெளிநாட்டுக் கிட்டார், அதற்குத் தோதாக ஆம்ப், காலால் அழுத்தினால் நூறு விதமாகச் சத்தத்தை மாற்றித் தரும் பிராசஸர் பெட்டி. குகை, அரங்கம், தேவாலயம் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயர் வேறு. நான் வாசித்தால் நூறும் ஒரே மாதிரிதான் கேட்டது. பல் டாக்டர் கிளினிக் வாசலில் காத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமாக இருக்கும். ஒருநாள் கீழ் வீட்டு அக்கா அம்மாவிடம், "முரளி வீட்ல வெல்டிங் எதாவது பண்றானா?" என்று உண்மையான அக்கறையுடன் விசாரித்தார்.

இப்படிப்பட்ட நிலைமையில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? தினமும் உட்கார்ந்து பயிற்சி செய்ய வேண்டும். நான் ஆபீஸ் இன்டர்நெட்டில் கிட்டார்க்காரர்கள் கூடிப் பேசும் தளங்களைப் படிக்க ஆரம்பித்தேன். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ராப்பகலாக ஒரே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிட்டாரின் டோன், அதாவது அந்தச் சத்தத்தின் குணம், வாசிப்பவன் விரலில் இருந்து வருகிறதா, கருவியில் இருந்து வருகிறதா? நான் படித்த மாத்திரத்தில் கருவிக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். விரல் கட்சி ஜெயித்தால் நான் என் விரல்களைப் பார்த்து வெட்கப்பட வேண்டியிருக்கும். கருவிக் கட்சி ஜெயித்தால் இன்னொரு பெட்டி வாங்கினால் போதும்.

ஆபீஸ் பிரின்டரில் திருட்டுத்தனமாகப் பக்கம் பக்கமாக அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டலூருக்கு எலெக்ட்ரிக் டிரெயினில் எடுத்துப் போவேன். ஸ்டேஷன் எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வினோத்துக்கு வாசித்துக் காட்டுவேன். கம்பி எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், மரம் எப்படிக் காய்ந்திருக்க வேண்டும், ஒயரில் செம்பு எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும். அவன் டீயை ஆற்றியபடி பொறுமையாகக் கேட்பான். நான் முடித்ததும், "இருக்கலாம் மச்சான். எனக்கென்னவோ கையிலதான் இருக்குன்னு தோணுது" என்பான். அவ்வளவுதான். சண்டைக்கே வர மாட்டான். சண்டைக்கு வராதவனை ஜெயிக்கவே முடியாது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

இந்த வழக்கை ஒரே நிமிஷத்தில் தீர்த்திருக்கலாம். என் கருநீலக் கிட்டாரை அவன் கையில் கொடுத்து, வாசிடா என்று சொல்லியிருந்தால் போதும். ஒருமுறை அவனே கேட்டான். புதுசுடா, கீறல் விழுந்துடும் என்றேன். அவன் பேன்ட் பாக்கெட்டில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து பெஞ்சில் வைத்துவிட்டு, "இப்ப?" என்று கேட்டான். நான் பேச்சை மாற்றினேன். கீறலுக்கா பயந்தேன்? அவன் தொட்டதும் அது நன்றாகக் கேட்டுவிடுமோ என்றுதான் பயந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் குரோம்பேட்டை ரிசப்ஷன் வந்தது.

வினோத்தின் கம்பெனியில் அவனை நிரந்தரமாக்கும் கடிதம் தயாராகிவிட்டது. கையெழுத்துப் போட்டால் வேலை உறுதி. ஆனால் மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும், சாயங்காலங்கள் போய்விடும், கச்சேரி போய்விடும். மாமாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. வினோத்துக்கு இருந்தது. குழுவை நடத்தும் சந்திரன் சார் அவனிடம் ஒரு தகவல் சொல்லியிருந்தார். கல்யாணப் பெண்ணின் அப்பாவுடைய நண்பர் சினிமா இசைக்கூடங்களில் கீபோர்டு புரோகிராமிங் செய்பவர். ஒரு நல்ல கிட்டார்க்காரனைத் தேடிக்கொண்டிருக்கிறார். ரிசப்ஷனில் முன் வரிசையில்தான் இருப்பார். வினோத்துக்கென்று ஒரு பாட்டை, பாடகர் இல்லாமல் கிட்டார் மட்டும் வாசிக்கும்படி, நான்காவதாக வைக்கிறேன் என்று சந்திரன் சார் வாக்குக் கொடுத்தார்.

வினோத் மாமாவிடம் போய் நின்றான். சனிக்கிழமை வரை பொறுங்கள், அந்த ஆள் கூப்பிட்டால் ஸ்டுடியோவுக்குப் போகிறேன், கூப்பிடாவிட்டால் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு அதன் பிறகு இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்றான். மாமா இரண்டு நாள் கழித்து, சரி என்றார். மாமா சரி என்று சொல்லி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை அவனுக்குக் காலை ஷிஃப்ட். முடித்துவிட்டு நேராக மண்டபத்துக்கு வந்துவிடுவான். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிட்டாரையும் ஆம்பையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். நான்தான் மண்டபத்துக்கு எடுத்து வர வேண்டும். எனக்கும் அன்றைக்கு மேடையில் ஓர் இடம் இருந்தது. பின் வரிசையில் உட்கார்ந்து சும்மா தாளத்துக்கு ஏற்பத் தட்டிக்கொண்டிருக்கும் இரண்டாவது கிட்டார். (என் ஒயர் போய்ச் சேர்ந்த இடத்தில் சத்தத்தை சவுண்ட்காரர் முதல் பாட்டிலேயே அடியோடு குறைத்துவிடுவார் என்பதை ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.)

சனிக்கிழமை காலை. எனக்கு லீவு. என் எதிரில் வினோத்தின் கிட்டார். துருப்பிடித்த கம்பிகள். என் மனசாட்சி பேசியது. இத்தனை முக்கியமான நாளில், பாவம், அவன் இந்தக் கம்பியோடா போய் நிற்பான்? என்னிடம்தான் புதுக் கம்பி இருக்கிறதே, தடிமனானது, தடித்த கம்பி என்றால் தடித்த டோன். மாற்றிவிடுவோம். அவனுக்குச் சொல்ல வேண்டாம். மேடையில் அவனே கேட்டு அசந்துபோகட்டும்.

நான் பாதி பொய் என்று சொன்னது இங்கேதான். அவன் அசந்துபோன பிறகு, அந்தச் சினிமாக்காரர் அவனைக் கட்டிப்பிடித்த பிறகு, நான் மெதுவாகப் பக்கத்தில் போய், இப்ப சொல்லுடா, கையா கருவியா என்று கேட்க வேண்டும். இந்தக் காட்சியை நான் பல் தேய்க்கும்போதே இரண்டு முறை ஓட்டிப் பார்த்திருந்தேன்.

பழைய கம்பிகளைக் கத்தரித்துப் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் படித்தவன் இல்லையா. அந்த வகைக் கிட்டாரில் கம்பிகளின் ஒரு முனை பிரிட்ஜ் என்ற இரும்புத் தகட்டில் மாட்டியிருக்கும். முன்பக்கம் கம்பிகள் அதை ஒரு பக்கமாக இழுக்கும். கிட்டாரின் முதுகுக்குள்ளே மூன்று ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்கும். அந்த ஸ்பிரிங்குகள் சுதந்திரமாக அதிர்ந்தால்தான் டோன் பூரணமாக வரும் என்று நான் அச்செடுத்த காகிதம் ஒன்றில் யாரோ ஒரு மகான் எழுதியிருந்தார். முதுகு மூடியில் ஆறு ஸ்குரூ. கழற்றினேன்.

உள்ளே, பிரிட்ஜின் அடியில் ஸ்பிரிங் மாட்டியிருந்த இரும்புக் கட்டைக்கும் மரத்துக்கும் நடுவில், மூன்று குச்சி ஐஸ் குச்சிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தையல் நூலால் இறுக்கிச் சுற்றி, ஒரு பக்கம் பிளேடால் சீவி, அழுத்திச் செருகியிருந்தது. ஒரு குச்சியின் நுனியில் இன்னும் ஆரஞ்சு கலர் ஒட்டியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகமே எந்த மரத்தில் டோன் இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க, இவன் ஐஸ் குச்சியை உள்ளே வைத்துக்கொண்டு திரிகிறான். இத்தனை நாள் இந்தக் கிட்டார் மூச்சுவிட முடியாமல் தவித்திருக்கிறது என்று தீர்மானித்து, குச்சிகளை நெம்பி எடுத்தேன். எளிதில் வரவில்லை. வினோத் எதைச் செய்தாலும் உறுதியாகச் செய்வான்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அது என்னடா என்றார். குப்பைம்மா, ஐஸ் தின்னுட்டு உள்ள போட்டிருக்கான் என்றேன்.

அம்மா குச்சியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐஸ் தின்னுட்டு, ஆறு ஸ்குரூவைக் கழட்டி, நூல் சுத்தி உள்ள வெச்சிட்டு, திருப்பி ஆறு ஸ்குரூவையும் மாட்டுவானா ஒருத்தன்?" என்றார்.

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இதைவிட அறிவான கேள்வியைக் கேட்டதில்லை. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "உனக்குக் கிட்டாரைப் பத்தி என்னம்மா தெரியும்?" அம்மா கீரைக்குத் திரும்பினார். ஆய்ந்து முடித்த கீரைத்தண்டோடு சேர்த்துக் குச்சிகளும் குப்பைக்கூடைக்குப் போயின. பத்து மணிக்குக் குப்பை வண்டி வந்து போய்விட்டது.

புதுக் கம்பிகளை மாட்டிச் சுருதி சேர்க்க உட்கார்ந்தேன். ஆறாவது கம்பியைச் சேர்த்துவிட்டு ஐந்தாவதுக்குப் போனால் ஆறாவது இறங்கியிருந்தது. ஆறாவதை ஏற்றினால் ஐந்தாவது இறங்கியது. இப்படி ஒன்றரை மணி நேரம். ஏதோ சரியில்லை என்று ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். நான், புதுக் கம்பி அப்படித்தான், போகப் போக செட் ஆகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மெல்லிய முதல் கம்பியை அதன் முறுக்காணியில் சரியாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி மாட்ட வேண்டும் என்பதையும் எந்தக் காகிதத்திலும் படித்திருக்கவில்லை. ஒரு சுற்று, அவ்வளவுதான்.

மண்டபத்துக்கு வினோத் ஐந்தரை மணிக்கு வந்தான். கம்பெனி யூனிஃபார்மைக் கழற்றி, பையில் மடித்து எடுத்து வந்த வெள்ளைச் சட்டையை மாட்டினான். கிட்டாரை எடுத்ததும் கம்பியைப் பார்த்துவிட்டு, "டேய், ஸ்ட்ரிங் மாத்திருக்கியா?" என்று முகம் மலரக் கேட்டான். இதை எழுதும்போதுகூட எனக்கு அந்த முகம்தான் தெரிகிறது. சந்தோஷப்பட்டான். தேங்க்ஸ் மச்சான் என்றான். சுருதி சேர்க்க ஆரம்பித்தான். சேரவில்லை. மறுபடி சேர்த்தான். அதற்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், சந்திரன் சார் அவசரப்படுத்தினார், கடவுள் வாழ்த்துப் பாட்டு ஆரம்பமாகிவிட்டது.

முதல் பாட்டில் அவனுக்கு அதிக வேலை இல்லை. தப்பித்தான். இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு சின்னக் கிட்டார்த் துணுக்கு. வழக்கம் போல ஸ்வரத்தை அழுத்தி வளைத்தான். அவன் வளைத்த கம்பி சுருதியில் மேலே போனது. மற்ற ஐந்து கம்பிகளும் கீழே போயின. பிடிமானம் இல்லாத பிரிட்ஜ் அவன் விரலோடு சேர்ந்து முன்னால் சாய்ந்துவிட்டது. இத்தனை காலம் அதைச் சாயவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அந்த மூன்று குச்சிகள். எனக்கு அந்த நொடியில், அந்த மேடையில், ஒன்றும் மிச்சமில்லாமல் எல்லாம் விளங்கிவிட்டது.

வினோத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கிட்டாரைத்தான் பார்த்தான். நன்றாகப் பழகிய நாய் திடீரென்று உறுமினால் எப்படிப் பார்ப்போமோ அப்படி. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கையால் முறுக்கிச் சரிசெய்யப் பார்த்தான்.

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

என் மடியில் என் கருநீலக் கிட்டார் இருந்தது. சுருதி சுத்தமாக இருந்தது. அதன் சத்தத்தை யாரும் கேட்கவும் இல்லை, அது இல்லாவிட்டால் யாரும் தேடப்போவதும் இல்லை. இரண்டாவது பாட்டு முடிந்த கையோடு இரண்டடி எடுத்து வைத்து, இந்தாடா இதை வாசி என்று நீட்டியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. நீட்டினால் ஏன் என்று கேட்பான். குச்சியைச் சொல்ல வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. என் கிட்டாரில் அவன் வாசித்து அது அவனுடைய டோனிலேயே கேட்டுவிட்டால்? நான் தோற்றுவிடுவேன். ஒருவன் வாழ்க்கை கண்ணெதிரே சுருதி இறங்கிக்கொண்டிருக்க, நான் ஒரு டீக்கடை வாக்குவாதத்தில் தோற்காமல் இருப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை தானாக செட் ஆகிவிடுமோ என்று வேறு ஒரு நப்பாசை. மூன்றாவது பாட்டும் போனது.

நான்காவது அவனுடையது. சந்திரன் சார் மைக்கில் அவன் பெயரைச் சொன்னார். முன் வரிசையில் கண்ணாடி போட்ட, கொஞ்சம் தொப்பையுள்ள ஒருவர், பேசிக்கொண்டிருந்தவரைக் கையமர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வினோத் கண்ணை மூடி ஆரம்பித்தான். முதல் நான்கு ஸ்வரங்கள், கம்பியை வளைக்க வேண்டாத இடம், அழகாக வந்தன. அவர் தலையசைத்தார். ஐந்தாவது ஸ்வரத்தை மேலே இழுத்து நிறுத்த வேண்டும். இழுத்தான். நான் ஒரே ஒரு சுற்றுச் சுற்றியிருந்த முதல் கம்பி முறுக்காணியில் இருந்து நழுவி, டொய்ங் என்று அவன் கன்னத்தில் அடித்தது. இழுத்துப் பிடித்த கம்பிகளில் ஒன்று போனதும் ஸ்பிரிங்குகள் பின்னால் இழுத்துக்கொண்டன. மிச்சம் ஐந்தும் தாறுமாறாகச் சுருதி ஏறிவிட்டன. அதற்குப் பிறகு அவன் எங்கே கை வைத்தாலும் தப்பு. எட்டு பத்து நொடி முயன்றான். மண்டபத்தில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. கீபோர்டில் இருந்தவர் பாட்டைத் தான் எடுத்துக்கொண்டு எப்படியோ முடித்துவைத்தார்.

கண்ணாடிக்காரர் எழுந்து மேடை ஓரமாக வந்தார். கோபமாக இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "தம்பி, கை நல்லா இருக்கு. இன்ஸ்ட்ருமென்ட்டை ஒழுங்கா வெச்சுக்கணும். ஸ்டுடியோல இதுக்கெல்லாம் வெயிட் பண்ண மாட்டாங்க" என்றார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்தி ஒரு கவரைக் கொடுத்துவிட்டு, ரெக்கார்டிங் இருக்கிறது என்று சாப்பிடாமலே காரில் ஏறிப் போய்விட்டார்.

அப்போதுதான் நான் எழுந்தேன். ஆமாம், அப்போதுதான். என் கிட்டாரைக் கொண்டுபோய் நீட்டினேன். வினோத் வாங்கினான். பிராசஸர் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நேராகத் தன் ஓட்டை ஆம்பில் செருகினான். அடுத்த பாட்டின் நடுவில் ஒரு ஸ்வரத்தை அழுத்தி, வளைத்து, நிறுத்தினான். பந்திக்குப் போக எழுந்த ஓர் அம்மாள் நின்று திரும்பிப் பார்த்தார். அதே சத்தம். அந்த மஞ்சள் கிட்டாரில் கேட்கும் அதே சத்தம், ஒரு மயிரிழை மாறாமல், நான் ஆறு மாதமாக வெல்டிங் அடித்துக்கொண்டிருந்த அதே கருநீலக் கிட்டாரில் இருந்து. நான் நின்ற இடத்திலேயே அழுதேன். (சாம்பிராணிப் புகை என்று டிரம்ஸ்காரரிடம் சொன்னேன். ரிசப்ஷனில் ஏது சாம்பிராணி?)

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் வினோத் மஞ்சள் கிட்டாரைக் குப்புறப் போட்டு, "ஸ்குரூ டிரைவர் இருக்கா?" என்று கேட்டான். என் பையில் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான்.

"மூணு குச்சி இருந்துச்சே மச்சான்."

குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். எதுக்குடா என்று அவன் கேட்கவில்லை. ஒரு குச்சி வைத்தால் ஆடியது, இரண்டு வைத்தாலும் லேசாக ஆடியது, மூன்று வைத்துச் சீவியதும்தான் கச்சிதமாக நின்றது, அதைக் கண்டுபிடிக்க ஒரு கோடைக்காலம் முழுக்க ஐஸ் தின்றேன் என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு மூடியைத் திரும்ப மாட்டினான். ஆறு ஸ்குருவையும் ஒழுங்காக, ஒவ்வொன்றாக.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸைக் கொடுத்து, "எல்லாம் நல்லதுக்குதான் முரளி, நீ பண்ணதும் நல்லதுக்குதான்" என்று தோளில் தட்டினார். அவருக்கு வேண்டியது நடந்துவிட்டது. நன்றி சொல்ல வந்திருக்கிறார், எனக்கு. அந்த மைசூர்பாகு தொண்டையில் இறங்கவே இல்லை. அன்றிலிருந்து எனக்கு மைசூர்பாகு ஆகாது. மற்றவர்கள் சுகர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் வண்டலூர் பக்கம் போகவில்லை. கடைசியில் அவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிஃப்ட் முடித்த சிவந்த கண்ணோடு வந்து, டீ குடிக்கப் போலாமா என்று கூப்பிட்டான். டோனைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. என் கருநீலக் கிட்டாரை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "நீ வாசிடா" என்றான். நான் வாசிக்கவில்லை.

வினோத் இப்போது அதே கம்பெனியில் சூப்பர்வைசர். ஊரப்பாக்கத்தில் சொந்த வீடு, இரண்டு பெண் குழந்தைகள். மஞ்சள் கிட்டார் இன்னும் இருக்கிறது. வீட்டு விசேஷங்களில் வாசிப்பான். மூன்று புதுக் குச்சிகளைச் சீவிச் செருகிவிட்டான். அவன் வாழ்க்கை கெட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் டீக்கடையில் ரேடியோவில் ஏதாவது பாட்டின் நடுவில் ஒரு நல்ல கிட்டார்த் துணுக்கு வந்தால் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பான். விரல்கள் பெஞ்சின்மேல் அசையும். அந்த நேரத்தில் நான் ரோட்டைப் பார்த்துக்கொள்வேன்.

எங்கள் குடும்பத்துக்கு இதில் கிடைத்தது ஒரு ஜோக். அதை ஆரம்பித்துவைத்தவர் அம்மா. ஃபேன் நின்றுபோனாலும், மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டாலும், கல்யாணத்தில் சாம்பார் பற்றாமல் போனாலும், "எவன்டா குச்சியை உருவினது?" என்பதுதான் எங்கள் வீட்டு முதல் கேள்வி. என் கல்யாணத்தன்று தாலி கட்டும் நேரத்தில் மைக் செட் கரகரத்தபோது மாமாவே இதைச் சொன்னார். பெண் வீட்டாருக்கு விளக்கம் கொடுக்கவே அரை மணி ஆனது. போன வருஷம் என் மகளுக்கு ஸ்கூலில் ஒரு புராஜெக்டில் உதவட்டுமா என்று கேட்டேன். அவள் பசை டப்பாவைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வேணாம்ப்பா, இதுல எல்லாம் காரணமாத்தான் ஒட்டிருக்கேன்" என்றாள்.

இந்த மே மாதம் எல்லோரும் அம்மா வீட்டில் கூடினோம். தெருவில் குச்சி ஐஸ் வண்டி வந்தது. வினோத்தின் பெண்கள் தின்று முடித்ததும், ஒவ்வொரு வருஷமும் செய்வது போல, குச்சிகளைக் குழாயில் கழுவி எடுத்து வந்தார்கள். எண்ணி மூன்றை என் கையில் வைத்து, "தேவைப்படும் மாமா" என்றாள் சின்னவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வழக்கம் போலச் சிரித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மற்றவர்கள் உள்ளே போனதும் வினோத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தானும் ஒரு குச்சியைக் கையில் உருட்டிக்கொண்டே, "குச்சிக்கு எனக்குக் கோவமே வந்ததில்ல மச்சான். நல்லா இருக்கட்டும்னுதான பண்ண" என்றான். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து மறந்துபோன ஏதோ ஒரு சில்லறைச் சந்தேகத்தைக் கேட்பது போல, "ரெண்டாவது பாட்டுலயே உனக்குத் தெரிஞ்சிடுச்சுல்ல? உன் கிட்டார் சும்மாதான மடியில இருந்துச்சு?" என்றான்.

இருபது வருஷம். அவன் அன்று திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவனும் தலையை ஆட்டினான். என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினான், எழுந்திருக்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அதற்குள் சமையலறையில் மிக்ஸி மக்கர் செய்தது. சட்னி பாதியில் நின்றுவிட்டது. "எவன்டா குச்சியை உருவினது?" என்று அம்மா உள்ளே இருந்து குரல் கொடுக்க, வீடே சிரித்தது. வினோத் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அவன்தான் அத்தை, வேற யாரு" என்று பதில் சொன்னான்.